மச்சான் மாற்றிக் கொடுத்த டிஸ்க்

மாத்தளை டவுனில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. கலியாணப் படங்களைக் கணினியில் திருத்தி ஆல்பமாக்கிக் கொடுப்பதுதான் பிழைப்பு. கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவியின் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

மச்சானுக்குக் கொழும்பில் கம்பியூட்டர் வேலை. லீவில் வந்தவர் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"இன்னமும் பழைய ஃபைல் சிஸ்டமா மாப்புள? டிஸ்க்குல படத்தையெல்லாம் அடுக்குற முறையே இப்ப மாறிருச்சி. புதுச போட்டா ஒண்ணுமே தொலையாது."

"இதுவரைக்கும் ஒண்ணும் தொலையலையே, மச்சான்."

"தொலைஞ்ச பொறகு போட்டு என்ன செய்ய?"

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கதிரையை விட்டு எழும்பினேன். கணினியையும், நான் பையில் கொண்டு திரியும் டிஸ்க்கையும் புது முறைக்கு மாற்றினார். கோழிக்கறியோடு சாப்பிட்டார். உலகத்தை ஒரு படி உயர்த்திய களைப்பில் படுத்துத் தூங்கினார்.

அவர் போன கொஞ்ச நாளில் கணினியில் இடம் நிறைந்துவிட்டது. இரத்தோட்டைக் கலியாணம் ஒன்றின் படங்களைப் பை டிஸ்க்கில் ஏற்றிவிட்டுக் கணினியில் அழித்தேன். இடம் கொஞ்சமும் கூடவில்லை. கொழும்பு நாகரிகம் என்று நினைத்துக்கொண்டு, ஆல்பம் அச்சடிக்கத் தம்புள்ளைக்கு பஸ் ஏறினேன்.

அச்சகத்துக் கணினிக்கு மச்சானின் புதுமை புரியவில்லை. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோது அச்சகக்காரர் சிரித்த முகமாக இருந்தார்.

"டிஸ்க்கு வெறுமையாத்தான் இருக்கு தம்பி. ஃபார்மட் பண்ணி எல்லாத்தையும் தொடைச்சிரவான்னு கம்பியூட்டர் கேட்டிச்சி, ஓமுன்னு அமத்திட்டேன். படம் எங்க?"

பிழைவிட்ட படத்தைத் திரும்ப எடுக்கலாம். ஒரு கலியாணத்தைத் திரும்பச் செய்ய முடியுமா? லொறிகளின் ஹோர்ன் சத்தத்துக்கு நடுவே மச்சானுக்கு அழைத்துக் கத்தினேன். அவர் சிரித்தார்.

"கணினியில நீங்க அழிச்சாலும் அது அழியாது மாப்புள. பழைய நிலைய இந்தப் புது முறை தானாவே ஒரு பக்கம் பிடிச்சி வச்சிருக்கும். அதான் இடம் கூடல."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலையே."

ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து, அவர் போனில் சொல்லச் சொல்லத் தட்டினேன். மாலையும் கழுத்துமாக மணமக்கள் திரையில் வந்து நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. என் மனைவிக்கோ பெருமை தாங்கவில்லை. அன்று மாலைக்குள் அவள் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அண்ணனின் வீரம் தெரிந்துவிட்டது. டிஸ்க்கைத் தம்புள்ளைக் கணினி படிக்க முடியாதபடி செய்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மணப்பெண்ணின் தகப்பன் ஆல்பம் வாங்க வந்தபோது மனைவி அவருக்கும் கதையைச் சொன்னாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க மச்சான் மட்டும் இல்லாட்டி என்னாயிருக்கும், சொல்லுங்க?"

ஆல்பம் அன்றைக்கே தம்புள்ளையில் அச்சாகியிருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. மனைவி பக்கத்தில் நின்றாள்.

"ஆமாங்க," என்றேன்.