அந்தோணியின் கையில் வைக்கப்பட்ட பாட்டில்

சகாயராஜ் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் அவர் மகள் ஜெனிட்டா போனில் சொன்னாள்: "ஆன்ட்டி, அப்பா காலையில எழுந்திருக்கல." காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கீரைக்கட்டோடு நின்றிருந்தேன். ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டாவது செய்தி வந்துவிட்டது. அவருடைய நாவலைப் படமாக எடுத்த கம்பெனி, மெழுகுவர்த்திப் படம் போட்டு, "எங்கள் படத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட எழுத்தாளர்" என்று ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தது. குடும்பத்தார் இன்னும் பாதிப் பேருக்குச் சொல்லியிருக்கவில்லை. இவர்களுக்கு யார் சொன்னது?

அந்தப் படத்தை அவர் பார்த்த அன்று அதே வரிசையில் நானும் இருந்தேன். அவர் கண்ணீர் விடவில்லை. அவரை அறிந்த நண்பர்களே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொலைபேசி அலுவலகத்தில் நாங்கள் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர்கள். நான் அவ்வப்போது சிறுகதை எழுதுவேன். அவர் ஒரே ஒரு நாவல் எழுதினார். யாராவது அவரைப் புகழ்ந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, என்ன வேணும்?" என்று கேட்பார். ஒருமுறை எங்கள் மேலதிகாரி கேன்டீனில் எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டிப் பேசினார். சகாயராஜ் அதே கேள்வியைக் கேட்டார். அதிகாரிக்கு உண்மையாகவே ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மகனுக்குக் கட்டுரை எழுதித் தர வேண்டுமாம்.

நாவலின் கதை பலருக்குத் தெரியும். அடுகோடியில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் சிக்கி அந்தோணி என்ற தொழிலாளி இறந்துபோகிறார். மிஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்ததுதான் காரணம். முதலாளியோ, "குடிச்சிட்டு வந்தான், செத்தான்" என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல்லை எதிர்த்து அந்தோணியின் மனைவி போராடுவதுதான் நாவல். அந்த மனைவி கற்பனை இல்லை. ஜீவனஹள்ளியில் இருக்கும் மேரி அக்காதான் அவர். எழுத உட்காருவதற்கு முன் சகாயராஜ் அவரிடம் போய் அனுமதி கேட்டார். "எழுதிக்கோ தம்பி. அவர் குடிக்கல, அதை மட்டும் சரியா எழுது" என்றார் மேரி அக்கா.

படமெடுக்க வந்த இளம் இயக்குநரிடம் சகாயராஜ் வைத்த நிபந்தனையும் அது ஒன்றுதான். "பாட்டு வைங்க, சண்டை வைங்க. அந்தோணி குடிக்கக் கூடாது."

"கண்டிப்பா சார். நீங்க சொல்றபடிதான்."

இயக்குநர் போன பிறகு எனக்குச் சந்தோஷம். அவருக்கு இல்லை. "எல்லாத்துக்கும் சரின்னு சொல்றவன் எதையும் காதுல வாங்கலைன்னு அர்த்தம், சாந்தி."

படப்பிடிப்புக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அது அடுகோடியில் அந்தோணி இறந்த அதே பட்டறை. பழைய முதலாளி இப்போது இல்லை. அவருடைய மகன் இயக்குநருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பி, தமிழும் கன்னடமுமாக, "உங்க கதெ தும்ப சென்னாகிதே சார், ரொம்ப நல்லா இருக்குது" என்றார். சகாயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

"ஷெட்டை அவன் சும்மாவா கொடுத்திருப்பான்?"

"வாடகை கொடுத்திருப்பாங்க சார்."

"அதைத்தான் கேக்கிறேன். என்ன வாடகை?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

படம் முடிந்ததும் எங்களுக்கென்று ஒரு காட்சி போட்டார்கள். மேரி அக்காவை நடுவில் உட்காரவைத்து ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் இருந்தோம். பாதிவரை நன்றாகத்தான் போயிற்று. மேரி அக்கா கொண்டுவந்த முறுக்கைக்கூட எடுத்துத் தந்தார். பிறகு அந்தக் காலைக் காட்சி வந்தது. வேலைக்குக் கிளம்பும் அந்தோணி சந்துமுனையில் நின்று, இடுப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தார். அவ்வளவுதான். அடுத்த காட்சி பட்டறை. மேரி அக்கா எழுந்தார். வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே போனார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

படிக்கட்டில் நின்று மேரி அக்கா கேட்டார்: "நீ எழுதினியா அதை?"

"இல்லக்கா."

"அப்போ யாரு எழுதினது?"

இயக்குநரும் வெளியே வந்தார். "கேரக்டருக்கு ஒரு வீக்னஸ் இருந்தாதான் சார் மனுஷனா தெரிவான். ஒரே ஒரு ஷாட்."

"முதலாளி சொன்னதும் ஒரே ஒரு வார்த்தைதான் தம்பி" என்றார் சகாயராஜ். "அவர் மகன் கேட்டாரா இதை?"

"சே, என்ன சார் இப்படிச் சந்தேகப்படறீங்க."

மகன் கேட்கவில்லை என்று இயக்குநர் சொல்லவில்லை. கேட்டார் என்பதற்கும் எங்களிடம் சாட்சி இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஷாட்டை நீக்கச் சொல்லிப் பார்த்தார் சகாயராஜ். முடியவில்லை. "அப்படின்னா என் பேரை எடுங்க" என்றார். அதை மட்டும் மறுக்காமல் செய்தார்கள். படம் வந்தது, போனது, பிறகு எல்லோருடைய போனிலும் வந்தது. அப்போதுதான் ஜீவனஹள்ளி பார்த்தது. மேரி அக்காவின் மகளிடம் அவள் மாமியார், "உங்கப்பா குடிப்பாரா? நீ சொல்லவே இல்லையே" என்று கேட்டாராம். கேள்விப்பட்ட சகாயராஜ் அன்று மாலையே பங்குத்தந்தையைப் பார்க்கப் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, நாவலிலிருந்து அந்தக் காலை அத்தியாயத்தை வாசித்தார். அவருக்கு மேடைக் குரல் கிடையாது. கூட்டத்துக்குப் பயப்படுவார். ஆனாலும் ஒரு வரியையும் விடவில்லை.

முடித்ததும் பின்வரிசையிலிருந்து லாசர் என்ற பெரியவர் எழுந்தார். "நான் பக்கத்து மிஷின்ல இருந்தேன். மூடியைக் கழட்டச் சொன்னது முதலாளிதான். அந்தோணி டீயைத் தவிர ஒண்ணும் தொடமாட்டான்."

மேரி அக்கா திரும்பிப் பார்த்தார். "இத்தனை வருஷம் எங்கே இருந்தே லாசரு?"

லாசர் தலை குனிந்துகொண்டார். மகளின் மாமியார் மட்டும் எழுந்து வந்து மேரி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது சகாயராஜிடம் கேட்டேன்: "லாசர் சொன்னதை நம்பறீங்களா சார்?"

"நம்பறேன். அவனுக்கு இதுல கிடைச்சது வெட்கம்தான். வேற ஒண்ணும் கிடைக்கல." அவர் வாயிலிருந்து "நம்பறேன்" என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றுதான்.

அடக்கத்துக்கு இயக்குநர் வந்திருந்தார், பெரிய மாலையோடு. அழுதிருந்தார் போலத்தான் தெரிந்தது. அதில் சந்தேகம் சொல்ல எனக்கு உரிமையில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்: "மேடம், படத்தோட தொடக்கத்துல சாருக்கு அஞ்சலி போடலாம்னு இருக்கோம். நல்ல போட்டோ ஒண்ணு இருந்தா கொடுங்க."

"பாட்டில் ஷாட் இருக்குதா?" என்றேன்.

"அது... இப்போ மாத்த முடியாது மேடம்."

அலுவலக விழாக்களில், பிக்னிக்கில், ஜெனிட்டாவின் கல்யாணத்தில் எடுத்த அவர் படங்கள் என் வீட்டு அலமாரி நிறைய இருக்கின்றன. பக்கத்தில் நின்ற ஜெனிட்டாவுக்கும் அது தெரியும். அவள் என்னைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றேன்.

"எங்க வீட்லயும் இல்ல" என்றாள் ஜெனிட்டா.

தன் பெயரைக்கூடக் கொடுக்க மறுத்த சகாயராஜிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த "இல்லை"தான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.