மூன்று மொழிக் கீபோர்டும் ஆவூர் அக்காவின் மனுவும்

அரசு அலுவலகம் ஒன்றின் வாசலில் லேப்டாப்பும் சின்ன பிரிண்டரும் வைத்து மனு அடித்துக் கொடுப்பது என் தொழில். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள். பழைய டைப்ரைட்டர் முறையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அது பொறுக்காமல் துபாயிலிருக்கும் தம்பி ஒரு கீபோர்டு அனுப்பினான். பட்டனை அமுக்கினால் கட்டைகளில் எழுத்து மாறும்: தமிழ், இங்கிலீஷ், இந்தி. ஓரெழுத்து அடித்தால் மிச்ச வார்த்தையை அதுவே முடித்துவிடும். திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறி, அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன். இந்தியில் மனு கேட்டு இன்றுவரை ஒரு ஆள் வரவில்லை.

முதல் மனு ஆவூர்க்கார அக்கா ஒருவருக்கு. இறந்துபோன கணவர் பெயரை ரேஷன் கார்டிலிருந்து நீக்கச் சொல்லியிருக்கிறார். யாரோ இவர் பெயரை நீக்கிவிட்டார்கள். செத்த மனிதர் கார்டில் ஜம்மென்று இருக்கிறார். உயிரோடிருக்கும் இவருக்குக் கடையில் அரிசி இல்லை. மூன்று முறை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லையாம். ‘நான் இருக்கிறேன், தயவுசெய்து பதிவு செய்யவும்’ என்று கடைசி வரி போட்டு, படித்துக்கூடப் பார்க்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். துபாய் கீபோர்டு தப்பு செய்யுமா என்ற மிதப்பு.

அக்கா உள்ளே போன கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண் போலீஸ் ஓடினார்கள். அவருடைய பையைக் கொட்டி மண்ணெண்ணெய் தேடினார்களாம்; வெற்றிலையும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. நகலை எடுத்துப் பார்த்தேன். ‘நான் இறக்கிறேன், தயவுசெய்து பதிவு செய்யவும்.’ ‘ரு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ற’. கீபோர்டைத் திட்டினேன், கூடவே தம்பியையும்.

மதியத்துக்குள் அக்கா திரும்பி வந்தார். பெயரைச் சேர்த்ததற்கான சீட்டு கையில் இருந்தது. தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“இருக்கேன், இருக்கேன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன் தங்கச்சி, ஒருத்தரும் நிமுந்து பாக்கல. இன்னைக்குச் சாகுறேன்னு போட்டதும் சேர் போட்டு ஒக்கார வச்சு, ஒங்க பேரு என்னாங்கன்னு கேக்குறாங்க.”

பக்கத்தில் திருமயத்துப் பெரியவர் ஒருவர், வயலுக்குப் போகும் பாதையை யாரோ அடைத்துவிட்டார்கள் என்று மனு எழுத நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கும் அந்தப் புதுக் கட்டையிலேயே அடிக்கும்படி மெதுவாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. புதியதைக் கழற்றி, பழைய கீபோர்டை மாட்டி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அடித்துக் கொடுத்தேன். ஒரு பிழை கிடையாது.

அந்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.