மட்டம் தப்பாத குழாய்

மரக்காணம் உப்பளத்தில் புருஷோத்தமனைக் கூப்பிடாமல் யாரும் பாத்தி வேலையைத் தொடங்க மாட்டார்கள். களிமண்ணை மிதித்து, பலகையால் தட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்தால் பாத்தியின் நாலு மூலையிலும் அது ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்தால் உப்பு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் பொருக்குத் தட்டியும் போகும். அவர் மிதித்த பாத்தியில் அந்தப் பேச்சே எழாது. சுனாமி சேற்றை வாரிப் போட்டுவிட்டுப் போன பாத்திகளை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர்தான் முன்னால் நின்றார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் சாக்கடைக் குழாய் மாதம் தவறாமல் அடைத்துக்கொண்டது.

பாத்ரூம் தண்ணீரும் சமையல்கட்டுத் தண்ணீரும் ஒரே குழாயில் சேர்ந்து, பக்கத்துச் சந்து வழியாக வாசல் பக்கமுள்ள செப்டிக் டேங்குக்குப் போக வேண்டும். போகவில்லை. மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினால் நாலு நாள் ஓடும். அப்புறம் பாத்ரூமில் கணுக்கால் நனைய நிற்கும். மகள் சரண்யா தலைப்பிரசவத்துக்கு வருகிற நேரம் வேறு.

மனைவி பாப்பாத்தியின் தம்பி கன்னியப்பன் கொத்தனார். குத்திக் குத்திச் சலித்துப்போய், ஒருநாள் அவன் முடிவு சொல்லிவிட்டான். "தென்ன வேருதான் மாமா. மரத்த எடுத்துட்டு ஆறு இஞ்ச் குழாயாப் போட்டுட்டா அதோட முடிஞ்சிது."

சந்தில் நின்ற அந்தத் தென்னை பாப்பாத்தியுடையது. உவர் மண்ணில் இரண்டு கன்றுகள் கருகிப்போன பிறகு, பெருமுக்கல் தாய்வீட்டிலிருந்து செம்மண்ணை மூட்டை கட்டி, கண்டக்டரோடு சண்டை போட்டு பஸ்ஸில் ஏற்றிவந்து, குழி நிறையக் கொட்டி அவள் வளர்த்த மரம். இந்த மழைக்காலத்தில்தான் முதல் பாளை மட்டை இடுக்கில் எட்டிப் பார்த்திருந்தது.

மழைக்கு உப்பளம் மூடிக் கிடந்ததால் புருஷோத்தமன் வீட்டில் இருந்தார். அனுமந்தையிலிருந்து மரம் வெட்டும் சிங்காரம் காலையிலேயே வந்து, தென்னையில் கயிற்றையும் கட்டிவிட்டான். கோடாலியை எடுக்கத் திரும்பியபோது பாப்பாத்தி மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"மொதல்ல குழாயத் தொறந்து காட்டுங்க. உள்ள ஒத்த வேரு இருந்தாலும் நானே கோடாலிய எடுத்துத் தரேன்."

"நாறும்கா" என்றான் கன்னியப்பன்.

"ஒரு வருஷமா நாறுது. இன்னிக்கி மட்டும் மணக்கவா போவுது?"

புருஷோத்தமனும் வேர் என்றுதான் நம்பியிருந்தார். மரத்தடியில் தோண்டினார். குழாயைச் சுற்றி வேர் பின்னிக் கிடந்தது. "பாத்தியாம்மா?" என்றான் சிங்காரம். பாப்பாத்தியின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் மரத்தை விட்டு அசையவில்லை.

கன்னியப்பன் ரம்ப பிளேடால் குழாயின் மேல்பக்கத்தை அறுத்து எடுத்தான். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். உள்ளே வேர் இல்லை. கறுப்பாகச் சேறுதான் இருந்தது.

"இங்க இல்லன்னா அந்தாண்ட இருக்கும்" என்று இன்னும் இரண்டு இடத்தில் அறுத்தான். அங்கேயும் சேறுதான்.

புருஷோத்தமன் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். ஒரு விரற்கடை சேறு. அடுத்த துளைக்குப் போனார். அங்கும் ஒரு விரற்கடை. மூன்றாவதுக்கு ஓடினார். அதே அளவு! ஓடுகிற தண்ணீர் இப்படிப் படியவைக்காது. வளைவில் குவிக்கும், நடுவில் அரிக்கும். இத்தனை சீராகச் சேறு படிகிற இடம் ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் காலால் மிதித்த இடம்.

"டேய் கன்னியப்பா! இது ஓடுன தண்ணி இல்லடா! நின்ன தண்ணி! பாத்தித் தண்ணிடா!"

சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சேற்றுக் கையோடு ஓடினார். கன்னியப்பன் சந்தேகத்தோடு அவரைப் பார்த்தான். "இரு மாமா. குழாய் போட்ட அன்னிக்கி நான் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போயிட்டேன். நீதான போட்டே? தண்ணி எறங்க வாட்டம் எவ்ளோ குடுத்தே?"

"வாட்டமா? டியூப்ல தண்ணி புடிச்சி, ரெண்டு முனையும் ஒரு நூல் வித்தியாசம் இல்லாம வெச்சேன்டா! இவளக் கூப்ட்டுக் கூடக் காட்டுனேனே!"

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அய்ய மாமா! சாக்கடைல உப்பு வெளைய வெக்கப் பாத்தியா?"

சிங்காரம் கோடாலியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "வெளஞ்சிருந்தா மூட்ட புடிச்சி வித்திருப்பாரு" என்றாள் பாப்பாத்தி. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆறு இஞ்ச் குழாயா இருந்தாலும் மட்டமாப் போட்டா அது பெரிய பாத்திதான். மரமும் வாணாம், பெரிய குழாயும் வாணாம்" என்றார் புருஷோத்தமன். பத்தடிக்கு இரண்டு இஞ்ச் வாட்டம் வேண்டும் என்றான் கன்னியப்பன். டேங்க் பக்கம் இறக்க வழியில்லை. டேங்கில் நிற்கிற தண்ணீரே குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே வரை இருந்தது. அப்படியானால் இந்தப் பக்கம் ஒரு சாண் ஏற்ற வேண்டும். பாத்ரூம் தரையும் கூடவே ஏறும். வீட்டுத் தரையோடு ஒரே மட்டமாகச் சேர்த்திருந்த இடத்தில் இனி ஒரு படி வரும்.

புருஷோத்தமன் பாப்பாத்தியைப் பார்த்தார். "புள்ளத்தாச்சிப் பொண்ணு ஏறி எறங்கணுமே?"

அவள் பாளையை அண்ணாந்து பார்த்தாள். "ஏறட்டும். நான் கையப் புடிச்சிக்கறேன்."

"அப்போ நான் எதுக்கு வந்தேன்?" என்றான் சிங்காரம்.

"மண்வெட்டி அங்க இருக்குதுண்ணே" என்றாள் பாப்பாத்தி.

அவன் கயிற்றை அவிழ்த்தான்.

பழைய சேறு கழுவி, அறுத்த இடங்களை ஒட்டி அடைத்து, குழாயை மறுபடி கிடத்தியபோதுதான் புருஷோத்தமன் பட்ட பாடு. கன்னியப்பன் சரிவாகக் கட்டிய நூலைப் பார்க்கப் பார்க்க அவர் கை தானாக நீண்டது, தாழ்ந்த முனையைத் தூக்கிவிட. "கைய எடு மாமா!" என்று அவன் அதட்டினான். கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சிமெண்ட் இறுகிய மறுநாள் பாப்பாத்தி புதுப் படியில் ஏறி நின்று, ஒரு பிடி தவிட்டைப் போட்டு ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினாள். புருஷோத்தமன் குழாயின் சத்தத்தைத் துரத்திக்கொண்டு சந்தில் ஓடினார். டேங்க் வாயருகே அவர் குனிவதற்குள் தண்ணீர் தவிட்டோடு கொட்டியது.

"வந்துடுச்சி! எனக்கு முன்னாடியே வந்துடுச்சிடீ! இன்னொரு பக்கெட் ஊத்து!"

"போதும்யா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இரண்டாவது பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவள் தென்னைக்கு ஊற்ற வந்துகொண்டிருந்தாள்.