அத்தான் கீறிய சிவப்புக் கோடு

என் கமராப் பையின் அடியில் ஒரு ட்ரைபொட் தலை கிடக்கிறது. மூன்று கால்களின் உச்சியில் அதைப் பூட்டி, அதன்மேல் கமராவையோ வேட்டைத் துவக்கையோ இருத்துவார்கள். எலுமிச்சம்பழம் அளவில் சுழலும் உலோகக் குண்டு ஒன்று, அதைப் பிடித்திருக்கும் கிண்ணம், இறுக்குவதற்கு ஒரு பிடி, அவ்வளவுதான். குண்டின்மேல் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று. அதன் மறுபாதி கிண்ணத்தில் இருக்கிறது. இரண்டும் பொருந்தாமல் ஒரு நகத்தின் அகலத்துக்கு விலகி நிற்கின்றன. கம்பனிக்காரன் போட்ட அடையாளம் என்றே பல வருடங்களாக நினைத்திருந்தேன்.

அதை வாங்கியவர் அக்காவின் கணவர், எங்கள் அத்தான். ஒஸ்லோவில் பஸ் திருத்தும் வேலை. கூட வேலைசெய்த நொர்வேஜியர்களோடு ஒவ்வொரு இலையுதிர்காலமும் காட்டுக்குப் போய் எல்க் என்ற பெரிய மானைச் சுடுவார். ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் பல்கனியில் அந்த இறைச்சிக்கென்று தனிக் குளிர்ப்பெட்டி இருந்தது. சாமியறையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாமோ அவ்வளவு தள்ளி அக்கா வைப்பித்திருந்தார். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசன் இஞ்சை வந்து துவக்குத் தூக்குது என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். அத்தானும் சேர்ந்து சிரிப்பார். வருடத்தில் அந்த ஒரு கிழமைதான் தன்னை யாரும் அகதியாகப் பார்ப்பதில்லை என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

அறுபதைத் தாண்டியதும் வலக்கை இலேசாக நடுங்கத் தொடங்கியது. வேட்டைக்கு முன் வருடாவருடம் குறிபார்க்கும் சோதனையில் தேற வேண்டும். அதனால் ட்ரைபொட் வாங்க முடிவெடுத்தார். நான் கலியாண வீடுகளில் படம் பிடிப்பவன். இதில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு. கடையில் அவர் கை போனது பாரமான, இரண்டு பிடிகளைத் தனித்தனியே இறுக்கவேண்டிய ஒரு தலையில். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று சுழலும் இந்தக் குண்டுத் தலையை நீட்டினேன்.

“துவக்கு உதைக்குமெல்லே தம்பி?” என்றார்.

“எத்தினை கிலோ தாங்கும் எண்டு போட்டிருக்கு, பாருங்கோ. நான் சொல்லுறன்தானே.”

“நீர் சொன்னாச் சரி.”

கமரா இருத்திய இடத்தில் சும்மா இருக்கும் பண்டம். பாரத்தைத் தாங்குவது ஒன்று, உதையைத் தாங்குவது வேறொன்று என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அந்த வருடத்தின் கடைசிச் சோதனை நாள். படம் எடுக்க நானும் போயிருந்தேன். ஐந்து வெடியும் ஒரு வட்டத்துக்குள் விழ வேண்டும். அத்தான் துவக்கை ட்ரைபொட்டில் இருத்திச் சுட்டார். முதல் இரண்டும் விழுந்தன. மற்ற மூன்றும் கீழே போய்விட்டன. வேட்டைக் குழுத் தலைவர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். அத்தான் ட்ரைபொட் தலையை உள்ளங்கையால் பொத்தியபடி, தன் கைதான் சரியில்லை என்று நொர்வேஜிய மொழியில் சொன்னார். திரும்பும் வழியில் அதைக் கழற்றி என்னிடம் தந்தார். “உம்மட கமராவுக்குத்தான் இது நல்லது.” என்னிடம் வேறு தலை இருந்ததால், பிடியைத் தளர்த்தாமலே பையின் அடியில் போட்டுவிட்டேன்.

கைதான் பிழை என்று நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? அடுத்த கிழமை சாப்பாட்டு மேசையில், எல்லாருக்கும் முன்னால், அத்தானுக்கு இனித் துவக்கு சரிவராது, கரண்டிதான் சரி என்று கையை நடுக்கிக் காட்டினேன். அவரும் சிரித்தார். மறு வருடம் நடுக்கம் கூடியது. துவக்கை விற்றார். அந்தக் காட்டுக்கு அவர் பிறகு போகவே இல்லை.

அத்தான் போன வருடம் காலமானார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, அவருடைய படம் ஒன்றைத் தேடி என் பையைக் கொட்டியபோது அக்கா இதைக் கையில் எடுத்தார்.

“இது என்ர நெயில் பொலிஷெல்லே? சோதனைக்கு முதல் நாள் கேட்டு வாங்கினவர். பூட்டிப்போட்டு ஒரு கோடு கீறப்போறன், வழுக்கினாத் தெரியும் எண்டு சொன்னவர்.”

அன்று அவர் பொத்திப் பிடித்தது இந்தக் கோட்டைத்தான்.

“வழுக்கினதோடா?” என்று அக்கா கேட்டார்.

“ஓம் அக்கா. அவற்ர கை பிழைக்கேல்லை.”

நேற்றும் ஒரு கலியாணத்துக்குப் பையை அடுக்கினேன். பிடியைத் தளர்த்தி ஒரு திருப்புத் திருப்பினால் இரண்டு பாதியும் நேராகிவிடும். நான் தொடவில்லை. அத்தான் பூட்டியபடியே அது அடியில் கிடக்கிறது.