வலியில்லாமல் செத்த மாடுகள்

குஜராத்தில் மஹுவாப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் பிணந்தின்னிக் கழுகுகள் வந்து அமர்ந்தால், மரங்கள் பாரம் தாங்காமல் தரைவரை வளையும். என் மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடியே இளநீர் பறிப்பார். இதில் கட்டிலும் மாமியாரும் உண்மை. கழுகுகளும் உண்மை. மரம் வளைந்தது மட்டும் நான் சேர்த்தது. உண்மையில் நடந்தது வேறு: எச்சம் பட்டு ஓலைகள் கருகின, காய்ப்பு குறைந்தது. தோப்புக்காரர்கள் எல்லோரும் தகரம் தட்டி அவற்றை விரட்டினார்கள். தட்டாத ஒரே ஆள் அடுத்த தோப்பு முக்தாபென்.

சமணர் வீட்டுப் பெண். எறும்புப் புற்றில் மாவு தூவாமல் தன் வாயில் டீ படவிடமாட்டாள். அவள் கணவர் சபில்தாஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "தேங்கா விக்கிற வீட்டுல கழுகு வளக்கிறா. அடுத்து முதலை வேணும்னு கேப்பா, பாத்துக்கிட்டே இருங்க" என்பார்.

வயதான மாடுகளைச் சாகும்வரை வைத்துக் காக்கும் பாஞ்சராபோள் எங்கள் ஊரிலும் உண்டு. முக்தாபென்னின் பகல் பொழுது அங்கேதான் கழியும். மருத்துவர் ஒருவர் அவளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்திருந்தார். சாகக் கிடக்கும் மாட்டுக்கு வலி மருந்து ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டு, காதில் நவகார மந்திரம் சொல்வாள். மாடு முனகாமல் போய்ச் சேரும். அவள் மடியில் சாவதற்காக மாடுகள் வரிசையில் நின்றன என்று நான் சொல்லுவதுண்டு, நம்ப வேண்டாம். ஆனால் சுற்றுவட்டாரம் முழுக்க அவளைப் பார்த்துத்தான் ஊசி போடப் பழகியது.

செத்த மாட்டைத் தோல்காரன் தேவ்ஷி இழுத்துப்போய்த் தோலை உரித்துக்கொண்டு, உடலை உப்பளத்து மேட்டில் போடுவான். கழுகுகள் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் வெள்ளை எலும்புதான் மிஞ்சும்.

பிறகு கழுகுகள் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்காரத் தொடங்கின. உட்கார்ந்தவை விழுந்தன. பறவை ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. மாட்டுக்குப் போட்டுச் சதையில் தங்கிய வலி மருந்துதான் காரணம் என்று சொல்லி, மருந்தின் பெயரையும் சொன்னார்கள். முக்தாபென் உள்ளே போய்ப் புட்டியை எடுத்துவந்தாள்.

"இதுவா?"

"இதேதாம்மா."

கழுகைக் கொல்லாத மருந்து வேறொன்று இருக்கிறதாம். எங்கள் ஊர்க் கடைக்கு அது வந்தபாடில்லை. அவள் புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அந்த ஆண்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு எல்லோரும் எல்லோரிடமும் "மிச்சாமி துக்கடம்" என்று மன்னிப்புக் கேட்கும் நாளில், முக்தாபென் மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் கைகூப்பினாள். அப்போது அங்கே மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஜோடி.

"மன்னிச்சிட்டாங்களாம். உன் முக்காட்டுல எச்சம் போட்டிருக்காங்க பாரு" என்றார் சபில்தாஸ்.



குளிர்காலத்தில் அந்த ஜோடி ஒரு குஞ்சு பொரித்தது. அதே சமயம் ஜீவாபாய் என்ற குடியானவர் ஒரு சிவப்புக் காளையை வண்டியில் கொண்டுவந்து பாஞ்சராபோளில் விட்டார். அது இரண்டு நாள் கிடந்து முனகியது. முக்தாபென் ஊசியைத் தொடவில்லை. மந்திரம் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள்.

"இரக்கமெல்லாம் எங்க போச்சு முக்தாபென்?" என்றார் பாஞ்சராபோள் தர்மகர்த்தா.

"இருக்கு. அதனாலதான் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்கேன்."

காளை செத்தது. தேவ்ஷி அதை மேட்டில் போட்டான். கழுகு ஜோடி இறங்கித் தின்றது. முக்தாபென் தேவ்ஷியின் கையில் வெல்லக்கட்டி வைத்தாள். அந்த வாரமே பெட்டைக் கழுகு கழுத்தைத் தொங்கப்போட்டு மரத்திலிருந்து விழுந்தது.

முக்தாபென் ஜீவாபாயின் ஊருக்கு நடந்தே போனாள்.

"வண்டில ஏத்துறதுக்கு முன்ன காளைக்கு ஏதாச்சும் குடுத்தியாப்பா?"

"ரெண்டு ஊசி போட்டுத்தானே ஏத்துனேன் முக்தாபென்! வலியோட கொண்டாந்து உங்க வாசல்ல விடுவேனா? நீங்க காட்டிக்குடுத்த வழிதானே!"

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். மோர் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் தேவ்ஷியிடம், இனி எந்த மாட்டையும் மேட்டில் போடாதே, புதைத்துவிடு என்றாள்.

"பொதச்சா அந்த ஒத்தக் கழுகு என்னத்தத் திங்கும்?"

"பொதைக்காட்டி?"



"குழி வெட்டுனா மண்ணுல இருக்கிற புழுவெல்லாம் சாகும். அதுங்ககிட்டயும் போய்க் கைகூப்பிட்டு வா" என்றார் சபில்தாஸ். சொல்லிவிட்டு அவரே மண்வெட்டியை எடுத்துக்கொடுத்தார்.

மாடுகளைப் புதைத்தார்கள். குஞ்சு கூட்டிலேயே செத்தது. ஆண் கழுகு தினமும் மேட்டுக்குப் போய் வெறும் தரையைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து மட்டையில் உட்காரும். ஒருநாள் காலை அது எழும்பி, தோப்பை ஒரு வட்டம் போட்டு, கடலுக்கு மேலே தெற்கு நோக்கிப் பறந்துபோனது. அந்தப் பக்கம் எங்கோ இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறதாம்.

இதுவரை எழுதி முக்தாபென்னுக்கு வாசித்துக் காட்டினேன். கடலையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அது எங்கயும் பறக்கல. கெணத்தடில விழுந்து கெடந்துச்சு. தூக்குனா கையில கனமே இல்ல. மாடுகளப் பொதச்ச எடத்துக்குப் பக்கத்துலயே நாந்தான் பொதச்சேன். அந்தக் கடல் சமாச்சாரத்த அடிச்சிடு."