அரைபடாத சிட்டிகை

உலைக்காரர் இருபத்திரண்டு வருடம் ஏழு மாதமாகச் செய்துவந்த வேலை ஒன்றுதான்: மஞ்சள் தூளைச் சுடுவது. நீல விளக்கின்மேல் அந்தத் தூளைப் பூசினால்தான் எல்.இ.டி. பல்பு வெள்ளையாக எரியும். சுட்ட ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சிட்டிகை எடுத்துக் குப்பியில் அடைப்பார். தொகுதி எண்ணும் நேரமும் எழுதி அலமாரியில் வைப்பார். 'மூக்குப்பொடிக் கடை' என்று ஆய்வகமே அதைக் கேலி செய்யும்.

ஆய்வகத் தலைவன் அவருடைய மனைவியின் தம்பி. கல்யாண நாளிலிருந்தே இருவருக்கும் ஆகாது.

நானோ அளவுத் தூள் கேட்டிருந்த கம்பெனி, 412ஆம் தொகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டது. வெளிச்சம் பாதிகூட இல்லையாம். மறுநாள் காலை மைத்துனன் ஒரு கடிதத்தை நீட்டினான். உலையை முன்கூட்டியே திறந்தது தன் தவறு என்று உலைக்காரர் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது.

"பேசாம கையெழுத்து போடுங்க மாமா. வயசாச்சு, கை தவறிடுச்சுன்னு முடிச்சுக்கலாம்."

"போட்டா வேலை போயிடும்."

"அக்கா சோறு போடமாட்டாளா?"

"அவ போடுவா. நீ அதுல மண்ணப் போடாம இருந்தா சரி."

அவர் 412ஆம் குப்பியை எடுத்துவந்து கண்ணாடித் தட்டில் கொட்டினார். பக்கத்தில் திரும்பி வந்த தூளை வைத்து, நீல விளக்கைப் போட்டார். குப்பித் தூள் மஞ்சளாகப் பளீரென்றது. மற்றது சாம்பல்போல் மங்கிக் கிடந்தது.

"இது உலையிலேர்ந்து வந்தது. அது உன் கையிலேர்ந்து போனது. நானோ அளவாக்கணும்னு எத்தன மணி நேரம் அரைச்ச?"

பக்கத்தில் நின்றிருந்த, அரவை இயந்திரம் ஓட்டும் பெண் சொன்னாள்: "முப்பது மணி நேரம். நான் நிறுத்தப் போனேன், சார்தான் ஓடட்டும்னார்."

"தூளோட மணியச் சின்னதாவே சுட்டெடுக்கணும்டா. பெருசாச் சுட்டுட்டு அரைச்சா மேல்தோல் செதஞ்சு வெளிச்சம் செத்துடும். நாலு தடவ எழுதிக் கொடுத்தேன்."

மைத்துனன் தட்டைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டான். "இப்ப எங்க உங்க ஆதாரம்?"

"நீ இதான் பண்ணுவன்னு தெரியும். நேத்து சரக்கு திரும்பி வந்ததுமே குப்பில பாதிய எடுத்து உங்க அக்காகிட்ட கொடுத்துட்டேன். போய்க் கேளு, தருவா."

மைத்துனன் கையில் கடிதம் நாலாகக் கிழிந்தது. வேலை தப்பியது.

அன்றோடு 'மாமா' என்ற அழைப்பு நின்றது. உத்தரவுகள் துண்டுச்சீட்டில் வந்தன. உலைக்காரர் ஒவ்வொரு சீட்டுக்கும் எண் போட்டு, குப்பிகளுக்குப் பக்கத்திலேயே அடுக்கினார்.