குழாய்க்காரர் கீறிய பட்டணம்

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கிய வீட்டில் ஒரு பெரிய சாப்பாட்டு மேசை இருந்தது. அதில் யாரும் சாப்பிட்டதில்லை. வீட்டுக்கார அன்ரியும் நானும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். மேசை முழுவதும் அன்ரியின் கணவருடைய காகிதங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஓவியக் கல்லூரியில் நாலு வருடம் படித்து முடித்து, கொள்ளுப்பிட்டியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சவர்க்கார நுரை வரைவதில் அங்கே என்னை மிஞ்ச ஆள் இல்லை. குமிழி ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன யன்னல் மின்னும். அந்த யன்னலை வைத்து நான் என்னை ஓவியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்ரியின் கணவருக்கு அறுபது வயது இருக்கும். நிலத்துக்கடியில் குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் முப்பது வருடம் வேலை செய்தவர். முழங்கால் போனதும் வேலையை விட்டுவிட்டு, ஒரு பட்டணத்தைக் கீறத் தொடங்கினார். கொழும்பை அல்ல, யாழ்ப்பாணத்தை அல்ல. எங்கேயும் இல்லாத ஒரு பட்டணம். சுவர்க் கலண்டர்த் தாள்களைக் கோதுமை மாப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றின் பின்பக்கத்தில் நீலப் பேனையாலும் சிவப்புப் பேனையாலும் தெருத் தெருவாகக் கீறிக்கொண்டு போவார். நான் அங்கே போனபோது ஏற்கனவே ஆறு சுருள்கள் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. ஒரு சுருளை விரித்தால் விறாந்தையிலிருந்து குசினி வாசல் வரைக்கும் போகும்.

முதல் நாளே எனக்கு அருவருப்பாக இருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள் வெட்டிச் சாய்த்த வாழைமரம்போல மல்லாந்து கிடந்தன. மனிதர்கள் எல்லாருக்கும் ஒரே பக்கத்து முகம், ஒரே மூக்கு. கடல் மீன் செதிள்போல வரிசையாக இருந்தது. நிழல் கிடையாது. தூரம் கிடையாது. சிவப்புக் கோடுகள் மட்டும் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடின. படிக்காதவன் கீறினால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதைவிட எரிச்சலூட்டியது அவருடைய நிச்சயம். வகுப்பில் ஒரு கையை வரைய நான் பட்ட சந்தேகத்தில் நூறில் ஒரு பங்குகூட அந்த மனிதருக்கு இருக்கவில்லை. அழிறப்பரே வைத்திருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, பரிதாபப்பட்டு, தூரத்தில் உள்ளதைச் சிறிதாகக் காட்டும் முறையை அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஒரு தாளில் றெயில் பாதை வரைந்து, இரண்டு தண்டவாளமும் ஒரு புள்ளியில் சேர்வதைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தூரத்தில இருக்கிற வீட்டுக்காரன் சின்ன ஆளோ பிள்ளை?"

"இல்லை அங்கிள், எங்கட கண்ணுக்குத்தான் அப்பிடித் தெரியுது."

"உம்மட கண்ணுக்கு ஏத்த மாதிரி அவன்ர வீட்டைச் சின்னனாக்கினா, அவன் எங்க படுக்கிறது?"

அன்ரி குசினிக்குள்ளிருந்து, "அந்த மனுசனோட கதைச்சு உம்மட வாயை நோகப்பண்ணாதையும்" என்றார். அவருடைய இகழ்ச்சி என்னுடையதைவிடப் பழையது. நான் தாளை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன். பிறகு அவருக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "பட்டணத்துக்கு என்ன பேர்?" என்று ஒருமுறை சும்மா கேட்டேன். "பேர் வைச்சா ஆராவது சொந்தம் கொண்டாடிக்கொண்டு வருவினம்" என்றார்.

அடுத்த வருடம், நகரத்தில் எங்கோ குண்டு வெடித்த ஒரு வாரத்தில், எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சோதனை வந்தது. ஞாயிறு பகல். நாலு பொலிஸ்காரரும் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் வீட்டுக்குள் வந்தார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். வீட்டில் தங்கியிருப்போரைப் பதிந்த படிவத்தைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒருவன் கட்டிலுக்குக் கீழே குனிந்தான்.

சுருள்களை வெளியே இழுத்து ஹோலில் விரித்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் சப்பாத்தோடு அதன் ஓரமாக நடந்து பார்த்தார். துறைமுகம் மாதிரி ஒன்று, எண்ணெய்த் தாங்கிகள் மாதிரி வட்டங்கள், எல்லாவற்றையும் தொடுக்கும் சிவப்புக் கோடுகள். அன்ரி சுவாமிப் படத்துக்குக் கீழே இருந்து அழத் தொடங்கிவிட்டார்.

"மே கொஹெத?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். இது எந்த இடம்?

என் சிங்களம் நல்ல சிங்களம். நான் முன்னே போய் அலுவலக அட்டையைக் காட்டினேன். தொலைக்காட்சியில் வருகிற அந்தச் சவர்க்கார விளம்பரம் நான் வரைந்தது என்றேன். சப் இன்ஸ்பெக்டரின் முகம் இளகியது. அந்த விளம்பரத்தை அவருடைய மனைவிக்குப் பிடிக்குமாம். நான் துணிந்துவிட்டேன். "சேர், நான் படம் வரைவதைப் படித்தவள். இது வரைபடம் இல்லை. வரைபடம் கீறத் தெரிந்தவன் வீட்டை இப்படிப் படுக்கவைப்பானா? சின்னப் பிள்ளையின் கிறுக்கல். இந்த மனிதர் பிஸ்ஸெக், சேர்."

பிஸ்ஸெக் என்றால் பைத்தியம். சப் இன்ஸ்பெக்டர் மல்லாந்து கிடந்த வீடுகளைப் பார்த்துச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருவன் சுருளைச் சுற்றத் தொடங்கினான். அவர்கள் போகப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு பெருமை வந்தது.

அப்போது அன்ரியின் கணவர் கதிரையை விட்டு எழுந்தார். முப்பது வருடம் சிங்களத் தொழிலாளரோடு குழிக்குள் நின்றவர். அவருடைய சிங்களம் என்னுடையதைவிடச் சுத்தம்.

"நான் பைத்தியம் இல்லை சேர். இதில் எல்லாம் அளந்து கீறியது. ஒரு அங்குலத்துக்கு நூறு யார்."

சிரிப்பு நின்றது.

"அப்படியென்றால் இந்தச் சிவப்புக் கோடு என்ன?"

"நிலத்துக்குக் கீழே போகிற குழாய்."

"எந்த நிலம்?"

"அப்படி ஒரு நிலம் இல்லை."

"இல்லாத நிலத்தை எப்படி அளந்தாய்?"

"அதுதான் சேர் கஷ்டம்" என்றார் அவர், இத்தனை காலமும் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல.

அவரையும் ஏழு சுருள்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்ரி தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்ற கோபம்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் பைத்தியமாக இருக்க அவரால் முடியவில்லை. தமிழ்ப் பொடியன்கள் காணாமற்போய்க்கொண்டிருந்த காலத்தில், இந்த மனிதர் தன்னுடைய அளவுகோலுக்காகச் சிறைக்குப் போகிறார்!

பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அன்ரியோடு சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோன ஒரு நாள், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் என்னிடம் சொன்னார். "நீர் எங்களைக் காப்பாத்தத்தான் சொன்னனீர் எண்டு அன்ரி சொல்லுறா."

"ஓம் அங்கிள்."

"ஆனா நீர் அதைப் பொய்யாச் சொல்லேல்லை, என்ன?"

நான் பார்சலை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

கடைசியில் அவர் வெளியே வந்ததும் பைத்தியம் என்ற பேரில்தான். ஒரு டொக்டர் பார்த்து எழுதிக்கொடுத்தார், அன்ரி கையெழுத்துப் போட்டார். தான் அதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றாராம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அந்த வருடக் கலண்டரை, இன்னும் நாலு மாதம் மிச்சமிருக்க, ஆணியிலிருந்து கழற்றி மேசையில் குப்புறப் போட்டார். எங்கள் இரண்டு பேரோடும் ஒரு மாதம் கதைக்கவில்லை.

சுருள்களை வந்து எடுத்துக்கொள்ளும்படி பிறகு செய்தி வந்தது. அன்ரி போக மறுத்துவிட்டார். எனக்கு அன்று லீவு. அவருக்குத் துணையாக நான் போனேன். பொலிஸ் நிலையத்தின் பின்பக்க அறையில் இளம் கொன்ஸ்தாபிள் ஒருவன் அவற்றைக் கொண்டுவந்து வைத்தான். அவர் ஒவ்வொன்றாக விரித்துச் சரிபார்த்தார். நாலாவது சுருளில் கை நின்றது.

கோயிலுக்கும் சந்தைக்கும் நடுவில், பென்சிலால், யாரோ ஒரு கட்டடம் கீறியிருந்தார்கள். அவருடைய முறையிலேயே, மல்லாந்து கிடக்கிற கட்டடம். கூரையில் ஒரு கொடி. கீழே சிங்களத்தில் பொலிஸ் என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொன்ஸ்தாபிளின் காது சிவந்தது. இரவுக் கடமையில் பொழுது போகாமல் எடுத்துப் பார்த்தானாம். "இவ்வளவு சனம் இருக்கிறது. ஒரு பொலிஸ் நிலையமும் இல்லை. அதுதான் வைத்தேன், ஐயா" என்றான். மன்னிப்புக் கேட்பதுபோலவும் இருந்தது, குறை சொல்வதுபோலவும் இருந்தது.

கிழவர் வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இந்த இடத்தில் கட்ட முடியாது. கீழே பெரிய குழாய் போகிறது. பார்."

கொன்ஸ்தாபிளும் குனிந்தான். "அப்படியென்றால் இந்தப் பக்கம்?"

"அது பள்ளம். மழை வந்தால் உன்னுடைய லொக்கப் முழுக்கத் தண்ணீர்."

"பாலத்துக்குப் பக்கத்தில்?"

அவர் யோசித்தார். விரலால் அளந்தார். "அங்கே கட்டலாம். ஆனால் சின்னதாகத்தான்."

கொன்ஸ்தாபிள் மேசை லாச்சியிலிருந்து றப்பரை எடுத்து, தன் நிலையத்தை அழித்து, பாலத்துக்குப் பக்கத்தில் திரும்பக் கீறினான். கிழவர் பேனையை எடுத்து அதற்கு ஒரு சிவப்புக் கோடு இழுத்துக் குழாய் கொடுத்தார். அவரைப் பதினொரு நாள் அடைத்துவைத்த இடத்தில், அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டவனும் அவரும் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கைப்பையைப் பிடித்தபடி கதவடியில் நின்றேன். அந்தக் காட்சியை எனக்குத் தாங்கமுடியவில்லை. பொலிஸ்காரன் ஒருவன் போய்வந்துவிட்டான். இரண்டு வருடம் அதே வீட்டில் இருந்தும் எனக்கு அந்தப் பட்டணத்துக்குள் போகவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அடுத்து நான் செய்தது அதைவிடக் கேவலம். இந்தக் கதையை அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்லப்போய், அது பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டத்தில் ஓவியக்கூடம் வைத்திருந்த ஓர் அம்மணியின் காதுக்கு எட்டியது. படிக்காதவர்கள் கீறுகிற படங்களுக்கு வெளிநாட்டில் இப்போது மதிப்பு என்று அவர் என்னைத் தேடி வந்தார். காரில் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அம்மணி கைத்தறிச் சேலை, வெள்ளிக் காப்பு, மூக்கைச் சுளிக்கக்கூடாது என்ற கவனம். சுருள் விரிந்ததும் நெஞ்சில் கை வைத்து, "எவ்வளவு வேதனை!" என்றார் ஆங்கிலத்தில். யுத்தம் ஒரு மனிதரை என்ன செய்திருக்கிறது என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"சண்டை தொடங்க முன்னமே நான் தொடங்கீட்டன்" என்றார் அவர்.

ஏன் கீறுகிறார் என்று கேட்கச் சொன்னார் அம்மணி. கேட்டேன். அவர் அந்தக் கேள்விக்குச் சிரமப்படவே இல்லை. "மழை பெய்தா தண்ணி போகோணும். நான் பதிச்ச குழாய் எல்லாம் ஆரோ கீறினது. பிழை எண்டு தெரிஞ்சுகொண்டே பதிச்சனான். ஒருக்காலாவது சரியா ஒண்டு செய்து பாக்கோணும்."

அம்மணி என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். தண்ணீர், குழாய் என்று சொல்லி அந்த முகத்தை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. "தொலைந்துபோன ஒரு தாயகத்தைத் தேடுவதாகச் சொல்கிறார்" என்றேன். அம்மணியின் கண் கலங்கியது. சின்னக் கொப்பி எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு, நல்ல பகுதிகள் மூன்றை வெட்டிச் சட்டம் போடலாமா என்று கேட்டார்.

"வெட்டினா குழாய் அறுந்துபோம்" என்றார் அவர். அதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அம்மணிக்கு அதுவும் உருவகமாகத்தான் கேட்டது. இரண்டு தரம் திரும்ப வந்து கேட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அம்மணி வருவதை விட்டுவிட்டார்.

கார் போனதும் அவர் என்னிடம், "நான் சொன்னதைவிடக் கனக்கச் சொன்னீர் போல கிடக்கு" என்றார். கோபமில்லை. எப்போதும் இப்படித்தான் என்பதுபோலச் சொல்லிவிட்டு மேசைக்குப் போனார். பொலிஸுக்கு முன்னால் அவரைக் கிறுக்கன் என்றேன், அம்மணிக்கு முன்னால் தீர்க்கதரிசி ஆக்கினேன். இரண்டு தடவையும் நான் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டவர்களின் முகத்தைத்தான் பார்த்தேன். விளம்பர வேலை எனக்கு நன்றாகப் படிந்திருந்தது.

கொஞ்ச நாளில் வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீடொன்றோடு ஒட்டிய அனெக்ஸ் கிடைத்து நான் மாறிப்போனேன். இரண்டு வருடம் கழித்து, ஒரு காலைப்பொழுதில், பல் துலக்கிக்கொண்டிருக்கையில் அவர் விழுந்து இறந்துபோனார் என்று அன்ரி தொலைபேசியில் சொன்னார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு போனேன். அன்ரி கனடாவில் இருந்த மகனிடம் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். சுருள்கள் பன்னிரண்டாகியிருந்தன.

"எல்லாத்தையும் கொண்டுபோகேலாது பிள்ளை. நீர் படிச்ச ஆள். உமக்கு விருப்பமானதைக் கொண்டுபோம்" என்று சொல்லிவிட்டு அன்ரி தேத்தண்ணி வைக்கப் போனார்.

ஒன்றை மேசையில் விரித்தேன். பார்க்க ஆளில்லாத நேரத்தில், மேல்மூலைக் குன்றிலிருந்து தொடங்கும் ஒரு சிவப்புக் கோட்டில் விரலை வைத்தேன். பிழை ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான். கோடு ஆசுபத்திரிக்குக் கீழே போனது, சந்தையைச் சுற்றியது, இரண்டாகப் பிரிந்து திரும்பச் சேர்ந்தது. ஓரிடத்தில் தடைப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அடுத்த தெருவுக்குக் கீழே இறங்கியிருந்தது. தேத்தண்ணி ஆறிவிட்டது. கோடு கடலில் போய் விழுந்தது. மற்றதையும் தொடர்ந்தேன். அதுவும் விழுந்தது.

அன்ரி வந்து, எதைக் கொண்டுபோகிறேன் என்று கேட்டார். என் அனெக்ஸ் சின்னது, வைக்க இடமில்லை என்று சொன்னேன்.

இடம் இருந்தது.